பொழுது சாயும் முன் சுட்ட தேப்லா

தஸ்னீம், கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன் வீட்டுக்கு வந்தது தெரிந்தால் பப்பா என்னைச் சூரத் விடுதிக்கு அனுப்பிவிடுவார். "அவங்க தெரியாம கறியைக் கலந்துடுவாங்க" என்பார்.

நேற்று நோன்பு திறக்கையில் உன் அம்மா பேரீச்சம்பழம் நீட்டினார். "பொழுது சாஞ்சிடுச்சு ஆன்ட்டி, ஜைனங்க நாங்க இனிமே தண்ணிகூடக் குடிக்க மாட்டோம்" என்றேன். "அடியே, எங்க வாய் திறக்கிறப்போ உங்க வாய்க்குப் பூட்டா!" என்று சிரித்தார்.

இன்று வெயில் இருக்கும்போதே எனக்காக வெங்காயம் சேர்க்காமல் எங்கள் குஜராத்தி வெந்தயக்கீரை ரொட்டியான தேப்லா சுட்டு, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோன்பிருப்பவருக்கு நாக்கு ஊறவில்லையா? கேட்டுச் சொல்.

கட்டிக்கொடுத்த மீதியைப் பப்பா பொழுது சாய்வதற்குள் தின்றுவிட்டார். யார் சுட்டதென்று நான் சொல்லவில்லை.

கதவைத் தட்டுகிறார். "தூங்கிட்டியா மகளே? அந்தத் தேப்லா யாரு சுட்டது? நாளைக்கும் கெடைக்குமா?"

சொல்லிவிடப்போகிறேன், தஸ்—