வெயில் படாத ஆறு வருடம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வலது கை விழுந்த பிறகு இடது கையால் எழுதும் முதல் கடிதம் இது. மூன்று நாளாக எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் குழறுவது புரியாமல் நீ “என்னப்பா, என்னப்பா” என்று கேட்பாய். நானும் “ஒண்ணுமில்ல, சாப்பிட்டியா” என்று முடித்துவிடுவேன். இதை அப்படி முடிக்கக் கூடாது.

உன் தங்கை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உனக்குச் சொன்னார் அல்லவா? அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். தரையில் ஈரம் எதுவும் இல்லை. காலையில் என்னைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, வழக்கம்போல் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். பாதியில் ‘மடக்’ என்று ஒரு சத்தம். என் காதிலேயே விழுந்தது. அவள் என்னை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பக் கட்டிலில் கிடத்திவிட்டு, அதற்கப்புறம்தான் சரிந்தாள். தரையில் கிடந்தபடி “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?” என்று கேட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டடி தூரம். என்னால் இறங்க முடியவில்லை. தண்ணீர்ச் செம்பால் சுவரை இடித்து இடித்துத்தான் தையல்காரம்மாவை வரவழைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவர் அவர்தான். முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு ஆளைத் தூக்கியதற்கே எலும்பு முறியுமா என்று எலும்பு டாக்டருக்குச் சந்தேகம் வந்து, ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார். உடம்பில் வைட்டமின் டி என்பது பெயருக்குக்கூட இல்லையாம். அது இல்லாவிட்டால் தின்கிற சுண்ணாம்புச் சத்து எதுவும் எலும்பில் போய்ச் சேராதாம். “துணி இருக்கு, ஊசி இருக்கு, நூல் இல்லாம என்னத்தைத் தைக்கிறது? அந்தக் கதைதான்” என்று தையல்காரம்மா எனக்கு விளக்கினார். நம் தோலில் வெயில் பட்டாலே பெரும்பாலும் உடம்பு தானாகச் செய்துகொள்கிற சத்தாம் அது. கடைசியாக வெயிலில் நின்றது எப்போது என்று டாக்டர் கேட்டதற்கு, இவள் கொஞ்சம் யோசித்து, “வேலையை விட்ட அன்னைக்கு” என்று சொல்லிச் சிரித்தாளாம்.

அவள் நில அளவைக்காரியாக இருந்தது உனக்கு நினைவிருக்கும். குடை பிடிப்பது அளக்கிற கருவிக்குத்தான், ஆளுக்கு இல்லை என்பாள். கன்னங்கரேல் என்று வீடு திரும்புவாள். ‘வண்டு’ என்று நான் பெயர் வைத்தது அப்போதுதான். எனக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வரைபடம் வரைந்து கொடுக்க ஆரம்பித்தாள். இந்த வீட்டைத்தான் நீ பார்த்திருக்கிறாயே. கீழ்த்தளம், மூன்று பக்கமும் மாடிக் கட்டடம். அடுக்களையில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். காய்கறி வாசலுக்கு வந்துவிடும். மருந்துக்கடைக்குப் போவதென்றால் நான் கண் அசந்த பிறகு, பொழுது சாய்ந்துதான் போவாள். வெயில் எட்டிப்பார்க்கிற ஒரே ஜன்னலை ஒட்டி என் கட்டில் கிடக்கிறது. கண்ணாடிக்குள் வருகிற வெயிலால் இந்தச் சத்துக்குப் பிரயோசனம் இல்லை என்கிறார் டாக்டர். ஆனாலும், அந்த இடத்திலும் நான்தான் படுத்திருந்தேன் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்றரை வருடமாகவே வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே குடைகிறது, விலா நோகிறது, தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை என்றாள். உன்னிடமும் ஒருமுறை சொன்னாள். “வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா அப்படித்தான், கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணு” என்றாய். உன்மேல் குற்றம் இல்லை. தூரத்தில் இருக்கிறவனுக்கு என்ன தெரியும்? நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தவன். அவள் சாய்ந்து சாய்ந்து நடப்பதைப் பார்த்து, “என்னடி வாத்து நடை?” என்று கேலி செய்திருக்கிறேன். அவளும் சிரித்துக்கொண்டே இன்னும் நாலு எட்டு அப்படியே நடந்து காட்டினாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, பாலோடு ஒரு மாத்திரை தருவாள். ஏதோ சத்து மாத்திரை என்று விழுங்கிக்கொண்டிருந்தேன். போன வாரம் அந்த அட்டையைத் தையல்காரம்மாவிடம் கொடுத்து ஆஸ்பத்திரியில் கேட்கச் சொன்னேன். இதே வைட்டமின்தான். படுத்தே கிடக்கிறவர், எலும்பு தேய்ந்துவிடும் என்று ஆறு வருடம் முன்பு என் டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஒரு வாரம்கூட அவள் தவறவில்லை. தானும் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று அவளுக்குத் தோன்றவில்லை, நீயும் போட்டுக்கொள்கிறாயா என்று நானும் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். ஊன்றுகோல் வைத்து நாலடி நடக்கிறாள். மருந்தும் வெயிலுமாக ஆறேழு மாதத்தில் எலும்பு உறுதிப்படும், வலியும் போய்விடும், சின்ன வயதுதானே என்று டாக்டர் தைரியம் சொல்கிறார். ஆனால் ஆளைத் தூக்குகிற வேலையை அடியோடு விட்டுவிட வேண்டுமாம். அதைக் கேட்டுவிட்டும் இவள், “பத்து நாள்ல வந்துடுவேன், அதுவரைக்கும் அப்பாவுக்கு ஒரு ஆள் போடுங்க” என்று தையல்காரம்மாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள்.

அந்த ஆள் வந்துவிட்டார். நல்ல மனிதர். முன்பு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர். நானே கேட்டு அங்கே பேசச் சொன்னேன். நேற்று மேற்பார்வையாளர் அம்மா வந்து என்னைப் பார்த்தார். இடம் இருக்கிறது, ஆனால் பிள்ளை கையெழுத்து வேண்டும் என்கிறார். விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. அவள் வீடு திரும்புவதற்குள் நான் போய்விட வேண்டும். ‘பெற்றவரைக் கொண்டுபோய் இல்லத்தில் விட்டான்’ என்று நாலு பேர் பேசுவார்களே என்று முன்பு தயங்கினாய். பேசட்டும். அந்த நாலு பேரில் ஒருவராவது வந்து என்னைத் தூக்கினாரா?

முக்கியமானது இனிமேல்தான். நானே போனேன் என்று தெரிந்தால் அவள் ஊன்றுகோலோடு வந்து என்னைக் கூட்டிப் போய்விடுவாள். அவள் கண்ணைப் பார்த்து முடியாது என்று சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. அதனால் இது உன் முடிவு என்று சொல். அண்ணன் பிடிவாதமாக நின்றுவிட்டான், அப்பாவால் மீற முடியவில்லை என்று அவள் நினைக்கட்டும். உன்னைத் திட்டுவாள். பேசாமல்கூட இருப்பாள். உன் பங்கையும் சேர்த்து ஆறு வருடம் சுமந்தவள் அவள். இந்தப் பழி ஒன்றை நீ சுமந்துகொள், கண்ணா.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். குழந்தையைத் தினமும் சற்று நேரம் வெளியே விளையாட விடுங்கள். என் மகள் மறுபடி கறுத்துப்போய் நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் எனக்குப் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா