ஏரிக்கரைத் திடலில் விழுந்த வெள்ளைக் கோடும் கழற்றப்பட்ட இரண்டு விளக்குகளும்

அனுப்புநர்
ச. முத்தாலம்மாள் (வயது 46),
க/பெ. அரிகிருஷ்ணன்,
பிள்ளையார் கோயில் தெரு,
கரியேரிப்பாக்கம்,
தாம்பரம் (வழி).

பெறுநர்
செயல் அலுவலர் அவர்கள்,
கரியேரிப்பாக்கம் பேரூராட்சி,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: ஏரிக்கரை விளையாட்டுத் திடலில் அனுமதியின்றி வெள்ளைக் கோடு போட்டமைக்கு விளக்கம் அளித்தல், அங்கிருந்து கழற்றப்பட்ட இரண்டு விளக்குகளை மீண்டும் பொருத்தி, வரும் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுக்குப் பெண்கள் கபடி அணி பயிற்சி எடுக்க உதவ வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 8.8.2003.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட அறிவிப்பு வெள்ளிக்கிழமை மாலை கிடைக்கப்பெற்றேன். பொது இடத்தில் வெள்ளைக் கோடு போட்டு, முக்கியப் பிரமுகர் வருகை தருவது போன்ற தோற்றத்தை உண்டாக்கியது ஏன் என்று அதில் கேட்கப்பட்டுள்ளது. வீட்டில் அதை முதலில் படித்தவர் என் கணவர். "இத்தினி வருஷத்துல நீ ஒரு தோற்றம் உண்டாக்கி நான் பாத்ததில்லியே" என்றார். அவருக்குத் தனியாகப் பதில் சொல்லிவிட்டேன். தங்களுக்கான பதிலைக் கீழே பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். சற்று நீளமாக இருந்தால் பொறுத்தருள வேண்டும். உள்ளூர்ப் பட்டிமன்றங்களில் மூன்றாவது பேச்சாளராகவே காலம் தள்ளுகிறவள் நான்; என் முறை வரும்போது எப்போதும் நேரம் முடிந்திருக்கும். மனுவில்தான் யாரும் மணியடிப்பதில்லை.

1. முதலில் நாங்கள் யார் என்பது. இந்த ஊரில் பெண்கள் கபடி அணி 1978-இல் தொடங்கியது. தாம்பரத்துக்குத் தெற்கே அதற்கு முன் அப்படி ஒன்று இருந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. முதல் வருடம் எங்களோடு ஆட எதிரணியே கிடைக்காததால், எங்களை நாங்களே இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆடினோம். நான் எந்தப் பாதியில் இருந்தேனோ அந்தப் பாதி தோற்றது. பாவாடை தாவணியை ஊக்கு குத்தி இறுக்கிக்கொண்டு ஆடியதால், பிடிக்க வந்தவளை ஊக்கு குத்திவிட்டால் அது தப்பாட்டமா இல்லையா என்ற கேள்வி அடிக்கடி எழும். நடுவராக இருந்த பள்ளிக்கூட வாத்தியார் அப்போதெல்லாம் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். கூடுவாஞ்சேரித் திருவிழாவில் எங்களை ஆட அழைத்தபோது, "அடுத்தபடியாகப் பெண்கள் கபடி, குடும்பத்தோடு கண்டு களிக்கலாம்" என்று மைக்கில் அறிவித்தார்கள். குடும்பங்கள் வரவில்லை. மற்ற எல்லோரும் வந்தார்கள். இரண்டாம் வருடத்திலிருந்து நான் மாற்று ஆட்டக்காரியாகப் பெஞ்சில் அமர்த்தப்பட்டேன். அந்த அணியின் ஆட்டங்களை என்னைவிட முழுமையாகப் பார்த்தவர் யாரும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

2. அந்த அணியில் ஆடத் தெரிந்தவர் கங்கையம்மாள். கோவளத்துப் பக்கம் மீனவர் குப்பத்தில் பிறந்து, அக்காள் வீட்டோடு இங்கே வளர்ந்தவர். இப்போது தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிர்க்களத்துக்குள் போனால், மூன்று பேரைத் தொட்டுவிட்டு, நாலாவது ஆளிடம் வேண்டுமென்றே வம்பிழுத்துவிட்டுத்தான் திரும்புவார். 1980-இல் மாநில அணிக்குத் தேர்வானார். எங்கள் பக்கத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண் அவர். அரை டிராயரோடு அவர் நிற்கும் அணிப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாப்பிள்ளை வீட்டார் காபி குடிக்காமலே எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்களுக்குப் படத்தைக் காட்டாததால் கல்யாணம் நடந்தது. கணவர் துளசிங்கம் அண்ணன் பிற்பாடு பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டம் போட்டு மாட்டினார். நல்ல மனுஷர் என்று எழுதலாம். ஆனால் மறுநாளிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தான்தான் கபடி சொல்லிக்கொடுத்ததாகச் சொல்லத் தொடங்கினார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

3. அந்த அணி கலைந்ததற்கு எந்த எதிரணியும் காரணமில்லை. பகலெல்லாம் எங்களுக்கு வேலை இருந்தது. சாயங்காலம் திடல் ஆண்களுக்கு இருந்தது. அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, ஆறரை மணிக்குமேல், திடல் எங்களுடையது, கூடவே இருட்டும். கொஞ்ச நாள் கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸை இரவல் வாங்கிவைத்து ஆடினோம். "இருட்டுல பொம்பளப் புள்ளைங்களுக்கு இன்னா ஆட்டம்" என்று ஒவ்வொரு வீடாகக் கதவைச் சாத்தினார்கள். 1983-இல் கங்கையம்மாளும் நானும் மட்டும் மிச்சம். ஒருவர் பாட ஒருவர் பிடிக்க, அதற்குப் பெயர் கபடி அல்ல என்று எங்களுக்கே தோன்றியதால் நிறுத்திக்கொண்டோம்.

4. இரண்டு வருடங்களுக்கு முன் கங்கையம்மாள் மறுபடி ஆரம்பித்தார். "இன்னாடி, சொம்மாதானே கீறே, வா" என்று என்னையும் இழுத்தார். அதே திடல், அதே ஆறரை மணி. வெளிச்சம் இருக்கும்வரை பையன்கள் ஒரே திடலில் நான்கு கிரிக்கெட் மேட்ச் ஆடுகிறார்கள். யார் பந்தை யார் பிடிக்கிறார் என்பது அவர்களுக்கே தெரியாது. எங்கள் பெண்களில் தமிழினிக்குப் பள்ளியும் டியூஷனும் முடிய வேண்டும். ஷர்மிளா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை முடிந்து பஸ் பிடித்து வர வேண்டும். ஆகவே வேறு நேரம் எங்களுக்கு இல்லை. திடலில் இரண்டு விளக்குக் கம்பங்கள் உண்டு. கம்பங்களின் திறப்பு விழாவன்று எரிந்த விளக்குகள் விழாப் பந்தலோடு போய்விட்டன. அவற்றைத் திரும்பக் கேட்டு நான் கொடுத்த மனுக்கள் பரிசீலனையில் இருப்பதாகத் தங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

5. இனி கோடு பற்றி. இம்மாதம் 17-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாவட்ட இளையோர் பெண்கள் அணிக்குத் தேர்வு நடக்கிறது. எங்கள் பெண்கள் குச்சியால் கீறிய கோட்டில் ஆடிப் பழகியவர்கள். இரண்டு பேர் ஓடினால் அந்தக் கோடு அழிந்துவிடும். தேர்வில் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஆட்டத்திலிருந்து வெளியே. அதனால் ஜூலை 26 சனிக்கிழமை கங்கையம்மாள் ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூள் கொண்டுவந்தார். கயிறு பிடித்து ஆடுகளம் வரைந்தோம். தூள் மீந்தது. வீணாகப் போகிறதே என்று, திடல் வாசலிலிருந்து ஆடுகளம் வரை நடைபாதையின் இருபுறமும் கோடு இழுத்தவள் நான். பார்க்க லட்சணமாக இருந்தது. என் வாழ்வில் நான் செய்த ஒரே நேரான காரியம் அது என்று கங்கையம்மாள் சொன்னார்.

6. நம் பகுதியில் பாதையின் இருபுறமும் வெள்ளைத் தூள் விழுந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். யாரோ பெரியவர் வருகிறார். மறுநாள் காலை அந்தப் பக்கம் வந்த துப்புரவு மேற்பார்வையாளர் திரு. வேதாசலம் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாராம். இதை எனக்குச் சொன்னவர் திடல் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் சின்னப்பன். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டே எழுதுகிறேன். தூள் போடுவது திரு. வேதாசலத்தின் பொறுப்பு. அவர் போடவில்லை. அப்படியானால் அவருக்குச் சொல்லாமல் மேலிடமே ஆள் வைத்துப் போட்டிருக்கிறது. "நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லாம மெட்ராஸ்லர்ந்து வந்து போட்டுகினு பூட்டானுங்கோ. இன்னிக்கோ நாளிக்கோ தெரில. பேஜாரா கீது சின்னப்பா" என்றாராம். டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டாராம்.

7. அதன் பிறகு நடந்தது தங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்ததே. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் முட்புதர்கள் வெட்டப்பட்டன. பள்ளங்களில் கிராவல் கொட்டப்பட்டது. குப்பை போயிற்று, குப்பையை நம்பியிருந்த நாய்களும் போயின. இரண்டு கம்பங்களிலும் விளக்கு எரிந்தது. "வருகை தரும் மாண்புமிகு" என்று தொடங்கி "அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்" என்று முடியும் துணிப் பேனர் ஒன்று வாசலில் கட்டப்பட்டது. நடுவில் பெயருக்கு மட்டும் இடம் விடப்பட்டிருந்தது. பேரூராட்சியைச் சேர்ந்த நாலைந்து பேர் பொன்னாடையோடு காத்திருந்தார்கள். ஷேர் ஆட்டோவிலிருந்து கூடையோடு இறங்கிய கங்கையம்மாள் அவர்களிடம், "இன்னா சார், யாரு வர்றது?" என்று கேட்டார். "அதத்தாம்மா நாங்களும் கேட்டுகினு கீறோம். உனக்கு எதுனா தெரியுமா?" என்றார் ஒருவர். "எனக்கு இன்னா சார் தெரியும். வெளிச்சம் நல்லா கீது, ஒரு ஆட்டம் ஆடிக்கறோம். அவங்க வந்தா நகந்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். எட்டு மணிவரை அவர்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஆடினோம்.

8. யாரும் வரவில்லை. வருகை ஒத்திவைக்கப்பட்டிருக்கலாம் என்று பேச்சு அடிபட்டதால் விளக்குகள் கழற்றப்படாமல் விடப்பட்டன. அந்த ஒரு வார காலம் பற்றித் தங்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏழு பேரைச் சேர்க்கத் தெருத்தெருவாக அலைந்த எங்களுக்குப் பதினைந்து பெண்கள் வந்தார்கள். தாய்மார்கள் கீரையும் வெங்காயமும் கொண்டுவந்து, ஆய்ந்துகொண்டே ஆட்டம் பார்த்தார்கள். ஒரு நாள் தமிழினி பாடிப் போய் நான்கு பேரைத் தொட்டுவிட்டு வந்தபோது, அதுவரை இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அவள் அம்மா அஞ்சம்மாள், "அந்தக் குண்டுப் பொண்ண வுட்டுட்டியேடி, அவளையும் தொட்டுட்டு வர்றதுதானே" என்று கத்தினார். குண்டுப் பெண் என்று அவர் குறிப்பிட்டது, மாற்று ஆளாக அன்று எதிரணியில் நின்ற என்னை. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

9. உண்மை வெளியானதற்குக் காரணமும் நானே. டீக்கடையில் திரு. வேதாசலம், "யாரு போட்டானுங்கோன்னு தெரில, ஆனா கோடு இன்னா நேரு தெரியுமா" என்று யாரிடமோ வியந்துகொண்டிருந்தார். பட்டிமன்றத்தில்கூட யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. "சார், அது நாங்க போட்டது. கபடிக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாள், ஆகஸ்டு 6-ஆம் தேதி, ஏணி வந்தது. சுதந்திர தின மேடைக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லி விளக்குகளை இறக்கிக்கொண்டு போனார்கள். பேனரை விட்டுவிட்டார்கள்.

10. மறுநாளிலிருந்து அம்மாக்கள் வரவில்லை. பிறகு பெண்கள் வரவில்லை. அஞ்சம்மாளின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "விளக்கு கீதுன்னு அனுப்பினேன். இப்ப இல்ல. ஏரி ஓரம், இருட்டு, குடிக்கிறவனுங்க வேற வந்து குந்திக்கறானுங்கோ. நீயே சொல்லுக்கா, நான் இன்னா பண்றது?" என்றார். அவர் கேட்டதில் தவறு இருப்பதாக எனக்குப் படவில்லை. எங்கள் அம்மாக்களும் இதையேதான் கேட்டார்கள். நேற்று திடலுக்கு வந்தவர்கள் நான்கு பேர். கங்கையம்மாளையும் என்னையும் சேர்த்தாலும் ஒரு அணி ஆகாது. தெருவிளக்கின் மிச்ச வெளிச்சத்தில் கோடு எங்கே என்று காலால் தடவிப் பார்த்துக்கொண்டு ஆடினோம். ஷர்மிளாவுக்கு வயது வரம்பில் இதுதான் கடைசித் தேர்வு.

11. எனவே தங்கள் அறிவிப்புக்கு என் விளக்கம்: கோடு போட்டது உண்மை. பிரமுகர் வருவது போலத் தோற்றம் உண்டாக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை; அதைச் சுண்ணாம்பு தானாகவே உண்டாக்கிவிட்டது. ஆடுகளத்துக்கு வெளியே இனி ஒரு விரல் நீளமும் கோடு போட மாட்டேன் என்று உறுதி அளிக்கிறேன். வேறு நடவடிக்கை எடுக்கத் தாங்கள் நினைத்தால், கோடு போட்ட என்மீது மட்டும் எடுக்கவும். கயிறு பிடித்த பெண்கள்மீது வேண்டாம். யாரோ வருகிறார் என்று போடப்பட்ட விளக்குகள் அவை என்பதும், அந்த யாரோ வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் விளக்கு எரிந்த நாட்களில் தினமும் பதினைந்து பேர் வந்தார்கள் என்பதும் கோப்பில் இருக்கட்டும்.

12. சுதந்திர தின விழா வெள்ளிக்கிழமை காலையில் முடிந்துவிடும். அன்று பிற்பகலே விளக்குகளைத் திரும்பப் பொருத்தினால்கூடத் தேர்வுக்கு முன் இரண்டு சாயங்காலம் கிடைக்கும். விழா மேடைக்கு ஒன்று போதுமென்றால், மற்றொன்றை நாளைக்கே தந்தால் நான்கு கிடைக்கும். தேர்வுக்குப் பிறகும் அவை அங்கேயே இருக்க ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படிக் கேட்பது கொஞ்சம் அதிகம் என்று தங்களுக்குத் தோன்றலாம். நாங்கள் இருபத்தைந்து வருடமாகக் கொஞ்சமாகவே கேட்டுப் பார்த்துவிட்டோம், ஐயா.

13. கடைசியாக ஒன்று. கங்கையம்மாள் இப்போது மார்க்கெட்டிலிருந்து நேராக வந்து, கூடையை என் வீட்டில் வைத்துவிட்டு, ஒவ்வொரு பெண்ணின் வீடாகப் போகிறார். "நானே இட்டாந்து நானே இட்டுகினு போய் வுடறேன், அனுப்பும்மா" என்று கேட்கிறார். சில வீடுகளில் கதவையே திறப்பதில்லை. அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. மாடிப்படிகளில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறுகிறார். விளக்கு உண்டா இல்லையா என்பதை, ஐந்து மணிக்கு அவர் கிளம்புவதற்கு முன்பாகவாவது டீக்கடைச் சின்னப்பனிடம் சொல்லியனுப்பினால் போதும். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லியனுப்புங்கள். அந்த வீடுகளுக்கு அவர் படியேறும் சிரமமாவது மிச்சமாகும்.

இடம்: கரியேரிப்பாக்கம்
நாள்: 12.8.2003

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ச. முத்தாலம்மாள்
(பெண்கள் கபடி அணி, மாற்று ஆட்டக்காரி)