குழாய்க்கு மேல் கட்டிய அறை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் உன் இடுப்பும் சுகந்தானா? ஆபரேஷன் ஆன இடத்தில் வலி குறைந்ததா? கைத்தடி இல்லாமல் நடப்பேன் என்று வீம்பு பிடிக்காதே, அது என்னிடமிருந்து உனக்கு வந்த வீம்பு, அதனால் என்ன ஆகும் என்று மேலே படி.

நீ மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் பின்பக்கம் உனக்கென்று ஒரு அறை எழுப்ப ஆரம்பித்தேன் அல்லவா, சுவர் தோள் உயரம் வந்தபோது குடிநீர் வாரியத்து அதிகாரி வந்து நிறுத்திவிட்டார். அந்த இடத்துக்கு அடியில் ஊருக்குப் போகிற பெரிய குழாய் ஓடுவது எனக்குத் தெரியாததல்ல. குழாய் ஆழத்தில் கிடக்கிறது, நான் மேலோட்டமாகத்தான் அஸ்திவாரம் தோண்டினேன், அதைத் தொடவே இல்லையே என்றேன். தொட்டீங்களா இல்லையாங்கிறது பேச்சில்ல சார், நாளைக்குக் குழாய் உடைஞ்சா மண் தோண்டுற வண்டி எந்த வழியா உள்ள வரும் என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நிலம் என் பேரில், வரி கட்டுவது நான், ஒரு செங்கல் வைக்க எனக்கு உரிமை இல்லையாம். வக்கீலிடம் போனால் அவரும் அதையே சொல்கிறார். நிலம் உங்களுடையதுதான், ஆனால் குழாய் போகும் வழியில் வாரியத்துக்கும் உரிமை உண்டு, கீரை போடலாம், துணி காயப்போடலாம், நிரந்தரமாக எதுவும் கட்டக்கூடாது, அவர்களும் குழாய் வேலைக்குத் தவிர உள்ளே கால் வைக்கக்கூடாது, தோண்டினால் மூடித் தரவேண்டும் என்றார். என் நிலத்தில் நான் கீரை போடலாமாம், எவ்வளவு பெரிய மனசு பார்! அம்மா வேறு, முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று உயிரை வாங்குகிறாள். நேற்று சுவரை நானே கடப்பாரை எடுத்து இடித்தேன், அடுத்தவன் இடிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அறை இல்லையென்றால் வரவில்லை, இங்கேயே ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்னறையில் இருக்கும் என் மோட்டார் பட்டறையை உனக்காகக் காலி செய்கிறேன், கிரீஸ் கறை போக இருவரும் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம், அம்மாவுக்குத்தான் முழங்கை ஓய்ந்துவிட்டது. மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் மேசையைக் குழாய்க்கு மேலேயே போட்டுக்கொள்வேன், வண்டி வந்தால் நகர்த்திவிடலாம். வக்கீலைக் கேட்டுவிட்டேன், இந்த முறை முதலிலேயே.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயசு நடமாட வேண்டும். மாத்திரையை வேளைக்குப் போடு, டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. அந்தத் துண்டு நிலத்தை வேண்டுமானால் அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன், நீ வீட்டுக்கு வருவதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோபம் இன்னும் தணியாத
உன் அப்பா