தயிர் டப்பாவில் நான்கு மோச்சி

மாமி,

மில்பிடாஸ் இந்தியக் கடையில் இப்போது மாம்பழம் வைத்த மோச்சிகூட வந்துவிட்டது. நேற்று ஒரு பெட்டியை எடுத்து, வழக்கம்போல் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கடைசி எழுத்துவரை படித்தேன். எதையும் நம்பி வாயில் போடுகிற பழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது. உங்களுக்குத் தெரியாததா? படித்துக்கொண்டே நின்றவள் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

தொண்ணூற்றேழில் எங்கள் அபார்ட்மெண்டின் கீழ்வீட்டுக்குக் குடிவந்தீர்கள். அதற்கு முன் மாமாவின் வேலைக்காக ஜப்பானில் இரண்டு வருடம் இருந்தீர்கள். அங்கே கற்ற மோச்சியை, அந்த அரிசி இனிப்பை, நீங்கள் செய்வதெல்லாம் என் சமையலறையில்தான். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி, வீட்டில் வாசனைகூட வரக்கூடாது என்பீர்கள்.

ஒட்டரிசி மாவில் சர்க்கரையும் தண்ணீரும் விட்டுக் கரைத்து, மைக்ரோவேவில் வைப்பதும் எடுத்துக் கிளறுவதுமாக நிற்பீர்கள். மாவு பளபளவென்று இழுபட ஆரம்பித்ததும் உருளைக்கிழங்கு மாவைத் தூவி, சூட்டோடு கிள்ளி, நடுவில் சிவப்புக் காராமணி விழுதை உருட்டி வைத்து மூடுவீர்கள். "பூரணம் வெளியில தெரியப்படாதுடி" என்பீர்கள். என்னுடையது எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். சிரித்துக்கொண்டே வாங்கிச் சரிசெய்வீர்கள்.

ஆனால் ஒன்றைக்கூட என் வீட்டில் சாப்பிட்டதில்லை. "ஆத்துக்கு எடுத்துண்டு போறேன், அப்பறம் சாப்பிட்டுக்கறேன்." நானும் ஒரு தயிர் டப்பாவில் நான்கு போட்டுக் கொடுப்பேன்.

ஈரோட்டுப் பக்கம் பிறந்தவள் நான். யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள் என்பதைப் பார்த்தே வளர்ந்தவள். அந்தக் கணக்கு எங்களோடு விமானம் ஏறி அமெரிக்காவுக்கும் வந்திருந்தது. நீங்கள் என் டம்ளரில் காபி குடித்தீர்களே என்று மனசு ஒரு பக்கம் சொல்லும். காபிக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது என்று நானே ஒரு சட்டம் போட்டு அதன் வாயை அடைத்தேன்.

ஒரு சனிக்கிழமை குப்பை போடப் போனபோது என் தயிர் டப்பா தொட்டியில் கிடந்தது. மூடியில் என் மகள் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. திறந்து பார்த்தேன். நான்கும் அப்படியே இருந்தன.

அடுத்த வாரம் நீங்கள் வந்தீர்கள். உருட்டி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் டப்பா கேட்டதும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எங்கூட்டுல தின்னா தீட்டுங்களா மாமி? அப்படீன்னா சொல்லிப்போடுங்க."

உங்கள் முகம் போன போக்கை இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை. தட்டிலிருந்து ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டீர்கள்.

அது இறங்கவில்லை. கண் பிதுங்கியது, உதடு கறுத்தது, கையால் மேடையை அடித்தீர்கள். நான் உங்களைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினேன். ஒருவழியாக அது சிங்க்கில் வந்து விழுந்தது.

தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடியே சொன்னீர்கள். மூன்று மாதமாகக் காபியும் கஞ்சியும் தவிர எதுவும் இறங்கவில்லை. மாமாவுக்குக்கூடத் தெரியாது.

"டாக்டர்கிட்ட போகலீங்களா?"

"மாமாவோட புது வேலை இன்சூரன்ஸ் வர இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுக்கு முன்னாடி காட்டினா, பழைய வியாதின்னு கையை விரிச்சுடுவா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்களே?"

"உன்ட்ட சொன்னா காம்ப்ளெக்ஸ் பூரா தெரிஞ்சுடுமே."

என்மேல் உங்களுக்கிருந்த சந்தேகமாவது நியாயமானது.

அப்படியானால் எதற்கு வந்து வந்து செய்தீர்கள் என்று கேட்டேன். "கையாலயாவது தொட்டுக்கறேனே" என்றீர்கள்.

இன்சூரன்ஸ் வந்தது. பின்னாலேயே வியாதியின் பெயரும் வந்தது. மறு கோடைக்கு நீங்கள் இல்லை.

உங்களைச் சாப்பிடவைத்த பாவத்தைச் சொல்லி அழுதிருக்கிறேன், சாமியிடமும் மாமாவிடமும். யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பவாவது நம்பறியாடி?" என்று கேட்டீர்கள். "நம்பறேனுங்க மாமி" என்றேன். சொல்லும்போதே என் பார்வை சிங்க்குக்குப் போனது, அந்த உருண்டையில் நிஜமாகவே பல் பட்டிருக்கிறதா, இல்லை எல்லாம் நடிப்பா என்று.

நான் அப்படிப் பார்த்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.