கைப்பையில் வந்த பிளேடு

விவேக் நகர், பெங்களூரு
நவம்பர் 10, திங்கள்

அன்புள்ள டிரேவர் அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அகமதாபாத்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் "சரி சரி, அப்புறம் பேசலாம்" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த மின்னஞ்சல். நிதானமாகப் படியுங்கள்.

கீழ்வீட்டுத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. என் கல்லூரியில் செய்முறைத் தேர்வுகள் தொடங்கிவிட்டன. டிரேவருக்கு ஆபீஸில் வேலை கூடிக்கொண்டே போகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறான். டிசம்பரில் லீவு போட்டு உங்களிடம் வந்து நான்கைந்து நாள் தங்கப் போகிறானாம். "அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா, போய் கதவத் தட்டுறேன்" என்கிறான். நான் சொல்லிவிட்டேன். காரணம் இருக்கிறது.

போன சனிக்கிழமை நீங்கள் வந்து குளிக்கப் போனபோது, துவைப்பதற்காக உங்கள் தோள்பையிலிருந்து சட்டைகளை எடுத்தேன். சவரப் பை திறந்திருந்தது. ரேஸரை மேலே வைக்கலாம் என்று எடுத்தால், பிளேடு போட்டபடியே இருந்தது. பிரஷ் ஈரமாக இருந்தது. சோப்புக் கிண்ணத்தில் நுரைகூடக் காயவில்லை.

பிளேடு வைத்த ரேஸரைக் கைப்பையில் வைத்து விமானத்தில் ஏற முடியாது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவரே நீங்கள்தான். அந்த ஒரு பிளேடுக்காகத்தான் இரண்டு வருடமாக அரைகுறையாக நிரம்பிய பெரிய பெட்டியைச் செக்-இன் செய்து, இறங்கியபின் அது வரும்வரை நின்று எடுத்து வந்தீர்கள். டிரேவர் கிண்டல் செய்வான், "ஒரு பிளேடுக்கு ஒரு பெட்டியாப்பா? வாங்கிப் போட்டுட்டு தூக்கி எறியற ரேஸர் வெச்சுக்கோங்களேன்" என்று. "மூஞ்சி என்னுது, லைன்ல நிக்கிற காலும் என்னுது, உனக்கென்னடா நோவுது?" என்பீர்கள்.

இந்த முறை பெரிய பெட்டி வரவில்லை. யோசித்துப் பார்த்தால் மழை ஆரம்பித்ததிலிருந்தே வருவதில்லை. தோள்பை மட்டும்தான்.

விடியற்காலை விமானம் ஏறி வந்தவருடைய பிரஷ் ஏன் ஈரமாக இருந்தது? அந்த பிளேடு எந்த வழியாக வந்தது? இரண்டுக்கும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பிரிஸில்லா


விவேக் நகர்
நவம்பர் 21, வெள்ளி

அன்புள்ள டிரேவர் அப்பாவுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. அன்று ஏர்போர்ட்டில் கூட்டம், சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டார்களாம். முகத்தை ஏர்போர்ட் பாத்ரூமில் மழித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். என் மாணவிகள் சிலர் வரவேண்டிய விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்தாற்போல் அளவீடுகளை எழுதுவார்கள். படிக்கும்போதே தெரிந்துவிடும். எல்லாம் அளவுக்கு அதிகமாகப் பொருந்தும்.

ஆனாலும் எடுத்த எடுப்பில் தவறு என்று சொல்லக்கூடாது. யாரோ ஒருவர் கவனக்குறைவாக விட்டிருக்கலாம் இல்லையா? புதன்கிழமை வாய்மொழித் தேர்வு நடத்த ஹைதராபாத் போய்வர வேண்டியிருந்தது. வீட்டு அலமாரியில் இருந்த உங்கள் பழைய ரேஸரில் ஒரு பிளேடு போட்டு, என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எனக்கே சிரிப்பாக இருந்தது. ஐம்பது வயதை நெருங்கும் வேதியியல் பேராசிரியை செய்யும் காரியமா இது?

பை இயந்திரத்துக்குள் போய் இந்தப் பக்கம் வரவே இல்லை. ஒரு காவலர் பெண் தனியே கூப்பிட்டு, ரேஸரை எடுத்து, "யார்து மேடம் இது? நிம் யஜமான்ரதா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரருடையதுதான் என்றேன். "அவர்து ரேஸர் நீவு யாக்கே தகொண்டு ஹோக்தீரா?" அவருடையதை நீங்கள் ஏன் கொண்டு போகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் இந்தியில் ஏதோ சொல்ல இருவரும் சிரித்தார்கள். ரேஸரின் தலையைத் திருகிப் பிளேடைக் கழற்றிப் போட்டுவிட்டு, கைப்பிடியை மட்டும் திருப்பித் தந்தாள். அத்தனை கூட்டத்திலும் அதற்கு நேரம் இருந்தது. சாயங்காலம் திரும்பும்போது ஹைதராபாத்திலும் வேண்டுமென்றே இன்னொரு பிளேடு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அங்கும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு இடத்தில் பிடித்தால் மூன்றாவது இடத்திலும் பிடிப்பார்கள் என்று நிரூபணம் ஆகாது. அது எனக்கும் தெரியும். அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று குழந்தை இயேசு கோவிலில் நவநாள் ஜெபம் முடிந்து வெளியே வரும்போது, ஆடுகோடி குளோரியா அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "என்ன பிரிஸில்லா, உங்க வீட்டுக்காரர் ஏறுற பிளேன் மடிவாளாவுல லேண்ட் ஆவுதா?" என்றார். எனக்குப் புரியவில்லை. நீங்கள் வந்த அந்தச் சனிக்கிழமை காலையில், மடிவாளாவில் ஓசூர் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் உங்களைக் கண்டாராம். வேறு யாராவது இருக்கும் அக்கா என்று சிரித்துவிட்டு நகரப் பார்த்தேன். "அட போம்மா, ஜெயராஜ் மூஞ்சி எனக்குத் தெரியாதா? முள்ளு முள்ளா தாடியோட, தூங்காத கண்ணோட எறங்குனாரு. கூப்டேன், காதுல வுழல. அந்தக் காசு குடுத்துப் போற கக்கூஸ் இருக்குதே, அதுக்குள்ள பூந்துட்டாரு" என்றார். சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். கம்பெனி வேலையாக எங்காவது போய்விட்டு வந்திருப்பார் என்று சொல்லி வைத்தேன்.

விமான நிலையம் ஊருக்கு வடக்கே இருக்கிறது. மடிவாளா தெற்கே. வடக்கே இறங்குகிறவர் தெற்கிலிருந்து பஸ்ஸில் வருவதில்லை. தாடியோடு இறங்கியவர் வீட்டு வாசலில் மழித்த முகத்தோடு நின்றார். பிரஷ் ஈரமாக இருந்த காரணம் இப்போது தெரிகிறது.

மனிதர்கள் இப்படியெல்லாம் செய்வதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றை நினைத்தால் கோபம் வருகிறது. ஒன்றை நினைத்தால், ஏதாவது நோயை மறைக்கிறீர்களோ என்று பயமாக இருக்கிறது. எதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை டிரேவர் அகமதாபாத்துக்கு டிக்கெட் போடப் போகிறான். நீங்கள் இல்லாத ஒரு கதவை என் பிள்ளை போய்த் தட்டக்கூடாது. அதற்கு முன் சொல்லிவிடுங்கள். எதுவாக இருந்தாலும்.

பிரிஸில்லா


விவேக் நகர்
நவம்பர் 25, செவ்வாய்

அன்புள்ள டிரேவர் அப்பாவுக்கு,

சனிக்கிழமை நீங்கள் போனில் பேசும்போது டிரேவர் பக்கத்து அறையில் இருந்தான். அதனால்தான் "ம்", "சரி" என்று மட்டும் சொன்னேன். கோபத்தில் பேசாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கோபம் இல்லை என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"வேலை போயிடுச்சு பிரிஸி. ஜூன்லயே. நான் ஓசூர்லதான் இருக்கேன்" என்றீர்கள். ஒரு சின்னப் பட்டறையில் தரம் பார்க்கும் வேலை, பாதி நாள் இரவு ஷிஃப்ட், இரண்டு பையன்களோடு ஒரே அறை. டிரேவருக்கு வேலை கிடைத்து நாம் கேக் வெட்டிய அதே வாரத்தில் உங்கள் வேலை போனதால், அப்போது சொல்ல மனம் வரவில்லை என்றீர்கள். "ஒரு தடவ ஏர்போர்ட்லேர்ந்து வர்ற மாதிரி வந்துட்டேன். அப்புறம் எப்படி நிறுத்துறதுன்னு தெரியல."

இதைக் கேட்டு நான் அழுதிருக்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அப்போது தோன்றியது வேறு. ஓசூர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கிறார்கள். நீங்கள் அங்கே இருந்துகொண்டு, அகமதாபாத்தில் இருப்பவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவாரோ அத்தனை நாள் காத்திருந்துதான் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஆகஸ்டில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது "டிக்கெட் கிடைக்கல" என்றீர்கள். அப்போதும் ஓசூரில்தான் இருந்தீர்கள். வேலை போனதில் மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை, அது உங்கள் தவறே இல்லை. காய்ச்சலை மட்டும் என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. இத்தனை மாதம் ஒரு ஊரையே கற்பனை செய்து சொன்னவர், இன்னொரு ஊரையும் சொல்லலாம். நேற்று கல்லூரியிலிருந்து நேராக ஆடுகோடி நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். அந்தப் பட்டறையை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று. இரண்டு ஓசூர் பஸ் வந்து போனது. ஏறவில்லை. நீங்கள் அங்கே இருந்தால், வேவு பார்க்க வந்தவளாக உங்கள் முன்னால் நிற்பேன். இல்லாவிட்டால் எப்படித் திரும்பி வருவேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன்.

டிரேவரிடம், அந்த வாரம் அப்பாவுக்கு ஆடிட் இருக்கிறது, டிக்கெட் போடாதே என்று சொன்னேன். லேப்டாப்பை மூடி வைத்தான். "சரிம்மா" என்றான். அவன் நம்பவில்லை. இனி இந்த வீட்டில் பொய் சொல்பவர்கள் இரண்டு பேர். எனக்கு இது ஒத்துவராது. நான் இன்னொரு பொய் சொல்வதற்குள் நீங்கள் வந்து அவனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவன் குழந்தை இல்லை. அப்பா தோற்றுவிட்டார் என்று நினைக்க மாட்டான். தன்னை நம்பவில்லையே என்றுதான் நினைப்பான்.

வெள்ளிக்கிழமை காலை, இரவு ஷிஃப்ட் முடிந்ததும் கிளம்புங்கள். நான் அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். இட்லிக்கு மாவு ஆட்டி வைக்கிறேன். முதலில் சாப்பிடுங்கள், பிறகு தூங்குங்கள். டிரேவர் வந்தபின் பேசிக்கொள்ளலாம். அதற்குப்பின் தினமும் போய் வருவதா, என்ன செய்வது என்பதை மூன்று பேரும் உட்கார்ந்து யோசிக்கலாம்.

ஒன்று மட்டும். மடிவாளாவில் இறங்கி, அந்தக் கண்ணாடி முன்னால் நின்று, முகத்தைச் சரிசெய்துகொண்டு வரவேண்டாம். தாடி இருந்தால் தாடியோடு, தூங்காத கண்ணோடு, இருக்கிறபடியே வாருங்கள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆண்டவர் உங்களுக்கு வழித்துணையாக இருக்கட்டும்.

உங்கள்
பிரிஸி