அண்ணிக்குச் சொல்லாத பாதி

செவ்வாய், இரவு

இன்று அண்ணியோடு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கல்யாணமாகி நான்கு வருடமாகியும் பிள்ளை இல்லையென்று அவருக்கும் அண்ணனுக்கும் பரிசோதனை செய்திருந்தார்கள். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணிக்குச் சிங்களம் வராது, டாக்டருக்குத் தமிழ் வராது. நடுவில் இரண்டும் பேசும் வாயாடி நான்.

ரிப்போர்ட்டில் இருவருக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். பிறகு மெதுவாக, அதனால் கட்டாயம் பிள்ளை தங்கும் என்று சொல்ல முடியாது, இதுவரை ஏன் தங்கவில்லை என்பதும் இந்த டெஸ்டுகளில் தெரியவில்லை என்றார்.

நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

"ரெண்டு பேரும் பாஸ் அண்ணி. நம்ம வீட்டுல கணக்குலகூட யாரும் இப்படி பாஸானதில்ல."

அண்ணி சிரித்தார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் டாக்டர். அண்ணியிடம் கேட்காமல் நானே இல்லை என்றேன்.

திரும்பி வந்து றக்வானையில் பஸ் இறங்கியதும் அண்ணி டொபி மிட்டாய் வாங்கி, எங்கள் தோட்டத்து லயத்தில் வீடு வீடாகக் கொடுத்தார். "எனக்கு ஒரு கொறையும் இல்லையாம்."

சாயந்தரம் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டார். "எத்தன மாசத்துல தங்கும்னு சொன்னாரு?"

இந்த முறை சிரிக்க வைக்க எனக்கு எந்தப் பகிடியும் வரவில்லை. மீதியைச் சொன்னேன்.

அண்ணி திட்டவில்லை. "அங்கயே சொல்லியிருந்தா நான் ஒண்ணு கேட்டிருப்பேனே, புள்ள."

"என்ன அண்ணி?"

"ஒன்கிட்ட கேட்டு என்ன செய்ய" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அடுத்த கிளினிக்குக்கு அண்ணி, சிங்களம் தெரிந்த மேல் லயத்து டீச்சரைக் கூட்டிப் போகிறாராம், அம்மா சொன்னார். நியாயம்தான். ஆனால் அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.