மச்சான் கட்டிய கார்

மச்சான்,

இன்று காலை வேலைக்குப் போகும்போது மீஞ்சூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. பைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்து டிங்கர் கடையில் ஒரு காரின் கதவுக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தார்கள். இனிப்பும் காட்டமுமான அந்த நெடி மூக்கில் ஏறியதும் பழவேற்காட்டில் உன் வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன். கேட் திறந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

உன் தங்கை மலரைக் கட்டிய நாளிலிருந்தே உன்மேல் எனக்குப் பொறாமை உண்டு. அவள் எதற்கெடுத்தாலும் "எங்க அண்ணன் இருந்தா" என்றுதான் ஆரம்பிப்பாள். அது சின்னப் பொறாமை. நீ அந்தக் காரைக் கொண்டுவந்த பிறகு பெரிதாகிவிட்டது.

பொன்னேரியில் பழைய இரும்புக் கடையில் கிடந்த எண்ணூறு சிசி கார் அது. தரைத் தகடு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. நான் அப்போதுதான் தவணையில் புதுக் கார் எடுத்திருந்தேன். மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மலரை முன்சீட்டில் உட்காரவைத்து உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். உன் மனைவி செல்வி ஆரத்தி எடுத்தாள். அந்தக் கற்பூரம் அணைவதற்குள் எல்லோரும் கொல்லைப்புறம் போய்விட்டார்கள், நீ துருவை வெட்டி எடுப்பதை வேடிக்கை பார்க்க. என் காருக்குக் காவலாக ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

வாரம் முழுக்கப் படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பாய். ஞாயிற்றுக்கிழமை காருக்கு. கையில் காசு குறைவு என்பதால் எதையும் அவசரப்பட்டு வாங்கமாட்டாய். விபத்தில் நொறுங்கிய வேறொரு காரைத் தேடிப் பிடித்து, முதலில் அதன் டிஸ்க் பிரேக்கைக் கழற்றி மாட்டினாய். "நிக்கத் தெரியாத வண்டி ஓடி இன்னா புண்ணியம்?" என்றாய். பிறகு நல்ல டயர். பிறகு எடையைக் குறைக்கிறேன் என்று பின்சீட்டு, கார்ப்பெட், கதவின் உள்பலகை எல்லாவற்றையும் பிடுங்கி வெளியே போட்டாய். உங்கள் நைனா வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, சீட்டெல்லாம் புடுங்கிட்டா நான் எங்க குந்துறது?"

"நீ பஸ்ல வா நைனா."

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே போனார். என்னிடம் அவர் அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை.

கடைசியில், நொறுங்கிய அந்தக் காரின் ஆயிரம் சிசி இன்ஜின். படகு இன்ஜின் தூக்கும் செயின் பிளாக்கை வேப்பமரத்தில் கட்டி அதை நீ இறக்கிய அன்று தெருவே கூடி நின்றது. ஆர்டிஓ ஆபீசுக்கு நடையாய் நடந்து அதற்கு அனுமதியும் வாங்கினாய்.

நான் சும்மா இருப்பேனா? சென்னைக்குப் போய் அலாய் வீல், பெரிய சைலன்சர், பின்னால் இறக்கை என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி மாட்டினேன். நீ சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாகீது மாப்ள" என்றாய். உடனே உன் காருக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாய்.

அந்த வருஷம் ஒரு மண் மைதானத்தில் கார் பந்தயம் வைத்தார்கள், நாம் இருவருமே பெயர் கொடுத்தோம். வழியெங்கும் கூம்புகள் வைத்து, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்த்தார்கள். என்னைவிட நீ வெகு சீக்கிரம் முடித்தாய். கார் வித்தியாசம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ சாவியை நீட்டினாய்.

"நீயே இத ஓட்டிப் பாரு மாப்ள."

ஓட்டினேன். அப்போதும் உன் நேரத்தை எட்டவில்லை. பிறகு நீ என் காரை எடுத்தாய். என் காரில், நான் ஓட்டியதைவிட வேகமாக வந்து நின்றாய். கண்ணாடியை இறக்கி, "வண்டி சோக்கா கீது. டயர்ல காத்துதான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, குனிந்து நீயே கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டாய். மலர் உனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சாக்கு சொல்லக்கூட எதையும் மிச்சம் வைக்கவில்லை நீ.

அடுத்த மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. என் கார் சர்வீசில் இருந்ததால் அன்று நானும் மலரும் பஸ்ஸில்தான் உன் வீட்டுக்கு வந்திருந்தோம். சாப்பிட்டு எழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டாய். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. உன்னை உன் காரின் முன்சீட்டில் சாய்த்து உட்காரவைத்தோம். பின்னால் சீட்டு இல்லை. செல்வி வெறும் தகட்டில் உட்கார்ந்து உன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டினேன். ரோடு முழுக்கப் பள்ளம், பள்ளம் முழுக்கத் தண்ணீர். நீ கண்ணை மூடியபடியே சொன்னாய்:

"பள்ளத்துக்கு முன்னாடியே பிரேக்க விட்டுடு... மூணாவதுல போ... ஆங், அப்டித்தான்."

அதற்குப் பிறகு நீ எதுவும் சொல்லவில்லை. மயங்கிவிட்டாய் என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் திறந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்று பிழைத்துக்கொண்டாய். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மலரிடம் சொன்னாய்: "உன் வூட்டுக்காரன் இன்னா ஓட்டு ஓட்டுனான் தெரியுமா! அந்த ரோட்ல என்னால முடியாது மலரு."

கேட்டு நான் பூரித்துப்போயிருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது. உன் இடத்தில் நான் படுத்திருந்து, நீ ஓட்டியிருந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது. உனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது! உன் காரைப் பார்த்து, உன் கைவேலையைப் பார்த்து, மலர் உன்னைப் பார்ப்பதைப் பார்த்து வந்த பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை மச்சான். அன்று உன் மனசைப் பார்த்து வந்ததுதான் பொறாமை.

இரண்டாவது முறை வலி வந்தபோது யாருக்கும் வண்டி எடுக்க நேரமில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு செல்வி சாவியை என்னிடம் கொடுத்தாள். "சும்மா நின்னா உப்புக்காத்து தின்னுடும்ணே. நீங்களே ஓட்டுங்க." வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூட நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதை எடுக்கிறேன். செல்வியைச் சந்தையில் விட்டுவிட்டு ஏரிப் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்புவேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டதும், குனிந்தபடியே கையைத் தூக்குகிறார்கள். பிறகு நிமிர்ந்து பார்க்கிறார்கள். என் முகத்தைக் கண்டதும் கை பாதியில் நின்றுவிடுகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொள்கிறார்கள். ஆரம்பத்தில் அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. இறந்துபோன பிறகும் இவன் என்னை விடமாட்டானா என்று மலரிடம் கத்தியிருக்கிறேன்.

இப்போதும் எரியத்தான் செய்கிறது. ஆனாலும் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே ஒரு கியர் குறைத்துவிடுகிறேன், உன் இன்ஜின் சத்தம் கரை முழுக்க நன்றாகக் கேட்கட்டும் என்று.